ஒன்பதாம் வகுப்பில் நீ கேட்டது

அம்பாசமுத்திரம்
9.3.2025, ஞாயிறு

அன்பு மகள் வள்ளிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கத்தான் செய்கிறது, ஆனாலும் மாடியேறி வடகம் காயப்போட்டுவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தாள். வெயில் மாசியிலேயே தொடங்கிவிட்டது. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. நீ, மாப்பிள்ளை, கவின் மூவரும் சுகம்தானே.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வாட்ஸப்பில் நீளமாக எழுதினால் பாதியில் மூடிவிடுவாய். போன் என்றால்... சரி, அதை விடு. மூன்று வாரமாக ஆபீசில் வேலை அதிகம் என்று எழுதியிருந்தாய். அம்மா கேட்டதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அவள் வாய்க்கு வந்ததைக் கேட்பவள், உனக்குத் தெரியாததா. உறையைக் கிழித்துவிட்டால் உள்ளே இருப்பதை வாசித்துத்தான் ஆகவேண்டும் என்பதால் தபாலில் போடுகிறேன்.

பெரிய விஷயம் ஒன்றுமில்லை. உனக்கு ஒரு பழைய பாக்கி இருக்கிறது, அதைத் தீர்க்கத்தான்.

நீ ஒன்பதாவது படித்த வருஷம். திண்ணையில் உட்கார்ந்து ரூட் கணக்குகள் போட்டுக்கொண்டிருந்தோம். பென்சிலைக் கடித்துக்கொண்டு நீ கேட்டாய்: "விகிதமுறா மூலம்னு தமிழ்ல போட்டிருக்கு, அது புரியுது. இங்கிலீஷ்ல ஏன்ப்பா சர்டுன்னு பேரு? சர்டுன்னா என்ன அர்த்தம்?" நான் சொன்ன பதில் ஞாபகம் இருக்கிறதா? "பேருக்கெல்லாம் அர்த்தம் கேட்டா மார்க் வராது. அடுத்த கணக்கைப் போடு." அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. 34 வருஷம் அந்த வார்த்தையைச் சொல்லிப் பாடம் நடத்தியிருக்கிறேன். "சார், இந்தச் சர்ட்டுக்கு எத்தனை பட்டன்" என்று கடைசி பெஞ்சில் ஒருவன் வருஷம் தவறாமல் கேட்பான், நானும் வருஷம் தவறாமல் சாக்பீஸை விட்டெறிவேன். அர்த்தம் கேட்டவள் நீ ஒருத்திதான்.

சர்டு என்றால் செவிடு.

லத்தீனில் சுர்துஸ், காது கேளாதது. நீ இருக்கிற ஸ்பெயினில் காது கேளாதவரைச் சோர்தோ என்கிறார்களாமே, அதுவும் இதே சொல்லின் வயிற்றில் பிறந்ததுதான். ரூட் 2, ரூட் 3, 5-இன் கனமூலம், எல்லாம் செவிட்டு எண்கள். ரூட் 4 செவிடில்லை, அது 2 என்று வாயைத் திறந்து சொல்லிவிடுகிறது. பையும் (π) சர்டு கிடையாது, அது விகிதமுறா எண் மட்டும்தான், எந்த முழு எண்ணின் மூலமும் அல்ல. இதைப் பரீட்சையில் மாற்றி எழுதி மார்க்கை விட்டவர்கள் எத்தனையோ பேர். நீ விடவில்லை. 98 வாங்கினாய். அந்த 2 மார்க் எங்கே போனது என்று நான் கேட்டதும் ஞாபகம் இருக்கும்.

இத்தனை வருஷம் கழித்து இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்றால், பிப்ரவரியில் தொலேதோ போய் வந்து நீ அனுப்பிய வீடியோதான். அந்த ஊர்ப் பேரை எங்கோ வாசித்திருக்கிறோமே என்று தேடினேன். செவிட்டு எண் ஐரோப்பாவுக்குள் நுழைந்ததில் அந்த ஊருக்குப் பெரிய பங்கு. முஸ்லிம் மன்னர்கள் ஆண்ட ஊரை 1085-இல் ஆறாம் அல்ஃபோன்சோ பிடித்தார். ஊர் கைமாறியதே தவிர அரபுப் புத்தகங்கள் அங்கேயே இருந்தன. இத்தாலியில் கிரிமோனா ஊர்க்காரர் ஜெரார்டு என்பவர் தாலமியின் வானியல் நூலைத் தேடி அங்கே போனார். லத்தீனில் கிடைக்காத புத்தகம் அரபியில் இருந்தது. அதற்காக அரபி படித்தார். படித்தவர் அதோடு விட்டாரா, 1187-இல் சாகிறவரை மொழிபெயர்ப்புதான். 70-க்கு மேற்பட்ட நூல்கள் என்று மாணவர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு புத்தகத்துக்காகப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். இரண்டு வருஷத்துக்கு என்று சொல்லிவிட்டு மாட்ரிட் போனவளிடம் இதைச் சொல்லக் கூடாதுதான்.

அந்த வீடியோவை 30 தடவையாவது பார்த்திருப்பேன். 42 வினாடி. கோபுரத்தில் மணி அடிக்கிறது. புறாக்கள் மொத்தமாகக் கிளம்புகின்றன. மாப்பிள்ளை அண்ணாந்து பார்க்கிறார். நீ சிரித்துக்கொண்டே ஒரு காதைப் பொத்துகிறாய். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற வெள்ளைக்காரப் பாட்டிகூடத் திரும்புகிறாள். கவின் கல்தரையில் சிவப்புக் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறான். நல்ல பிள்ளை. ஒன்றில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், உன்னை மாதிரி.

அவன் காதுக்கு எண்ணெய் விடாதே. அம்மா சொன்னாள் என்று நீ விட்டாலும் விடுவாய்.

கதை கிரேக்கத்தில் தொடங்குகிறது. நம் பட்டாசாலைத் தரையில் சிவப்புத் தட்டு ஓடு இருந்ததே, சதுரம், பக்கம் 20 சென்டிமீட்டர். மூலைவிட்டத்தை அளந்து பார் என்று உன்னிடம் ஸ்கேலைக் கொடுத்தேன். 28.2-க்கும் 28.3-க்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது என்றாய். "நல்ல ஸ்கேலா இருந்தா சரியா வரும்லா?" எந்த ஸ்கேலிலும் வராது என்றேன். நீ நம்பவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். பிறகு நிரூபணம் போட்டோம். ரூட் 2-ஐ ஒரு பின்னமாக எழுத முடியும் என்று வைத்துக்கொள். சுருக்கவே முடியாத பின்னம். வர்க்கப்படுத்தினால் மேலே இருப்பதும் இரட்டை எண், கீழே இருப்பதும் இரட்டை எண் என்று வரும். இரண்டும் இரட்டை என்றால் இன்னும் சுருக்கலாமே. அப்போது தொடக்கத்தில் வைத்துக்கொண்டதே தப்பு. நீ நோட்டை மூடிவிட்டு, "அப்போ இந்த ஓட்டுக்குள்ள இருக்கிற கோட்டுக்குப் பேரே கிடையாதா" என்று கேட்டாய். 14 வயசில் கேட்கிற கேள்வியா அது. அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் சொல்லிப் பூரித்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

பித்தாகரசைச் சுற்றி இருந்தவர்களுக்கு உலகமே முழு எண்களாலும் அவற்றின் விகிதங்களாலும் ஆனது. சதுரத்தின் மூலைவிட்டம் அதற்குள் அடங்கவில்லை. விகிதம் இல்லாததற்கு அவர்கள் மொழியில் அலோகோஸ் என்று சொன்னார்கள். லோகோஸ் என்றால் விகிதம், லோகோஸ் என்றால் பேச்சும்தான். ஆகவே அலோகோஸ் என்றால் விகிதமில்லாதது என்றும் எடுக்கலாம், பேச்சில்லாதது என்றும் எடுக்கலாம். இந்த உண்மையை வெளியே சொன்ன ஹிப்பாசஸ் கடலில் மூழ்கடிக்கப்பட்டான் என்று ஒரு கதை உண்டு. கதைதான், சரித்திரம் இல்லை. ஆனால் ஒரு கூட்டம் தன்னிடம் இருக்கிற குறையை வெளியே தெரியாமல் மூடிவைக்க எவ்வளவு தூரம் போகும் என்று நம் வீட்டாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சின்னத்தையைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு ஆச்சி என்ன ஏற்பாடு செய்திருந்தாள் என்று உனக்கே தெரியும்.

பிளேட்டோ எழுதிய ஓர் உரையாடலில் தியோடோரஸ் என்ற ஆசிரியர் வருகிறார். 3-இலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் மூலங்களுக்கு விகிதம் கிடையாது என்று காட்டிக்கொண்டே போனவர் 17-இல் நிறுத்திவிட்டாராம். ஏன் 17 என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எனக்கு என்னவோ மணி அடித்துவிட்டது என்று தோன்றுகிறது. வாத்தியார் புத்தி.

நம் பக்கத்திலும் இதே கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கயிற்றை வைத்துக்கொண்டு. சுல்பம் என்றால் கயிறு. வேள்விமேடை கட்ட அளவு சொல்லும் சுல்ப சூத்திரங்களில் பௌதாயனர் பெயரில் இருப்பதில் ரூட் 2-க்கு ஒரு வழி இருக்கிறது. ஒன்று, அதோடு மூன்றில் ஒன்று, அதோடு அந்த மூன்றில் ஒன்றின் நான்கில் ஒன்று, அதிலிருந்து இந்தக் கடைசித் துண்டின் 34-இல் ஒன்றைக் கழி. கூட்டிப்பார்த்தால் 577-இன் கீழ் 408. தசமத்தில் 1.414215. உண்மை மதிப்பு 1.414213. தாளை எடுத்துப் பெருக்கிப்பார்: 577-இன் வர்க்கம் 332929. 408-இன் வர்க்கத்தை இரட்டித்தால் 332928. ஒன்றே ஒன்றுதான் மிச்சம். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மா, சுகர் பார்க்கச் சொன்னாள்.

அவர்கள் இந்தக் கோட்டை ஊமை என்றோ செவிடு என்றோ சொல்லவில்லை. கரணி என்றார்கள். செய்வது, உண்டாக்குவது என்று அர்த்தம். சதுரத்தின் மூலைவிட்டத்தின் மேல் இன்னொரு சதுரம் கட்டினால் பரப்பு இரண்டு மடங்கு, ஆகவே அது த்விகரணி, இரண்டை உண்டாக்குவது. பிறகு 1150 வாக்கில் இரண்டாம் பாஸ்கரரும் கரணிகளைக் கூட்டவும் பெருக்கவும் விதி எழுதியிருக்கிறார். ஒரே கோடு. ஓர் ஊரில் அதனால் எதைச் சொல்ல முடியவில்லை என்று பார்த்துப் பெயர் வைத்தார்கள், இன்னோர் ஊரில் அதனால் எதைச் செய்ய முடிகிறது என்று பார்த்தார்கள்.

சின்னத்தையைப் பற்றி இதை யாராவது நினைத்தார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கோலத்தில் அவளுக்கு மிஞ்சி அந்தத் தெருவில் ஆள் இல்லை. 21 புள்ளிக் கோலத்தைக் கணக்குப் பார்க்காமல் போடுவாள். பாளையங்கோட்டை தசராவில் ஒரு தடவை அவளை மாதிரியே ஒருத்தியைப் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் சப்பரம் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகும் பெட்டிக்கடை டியூப்லைட் வெளிச்சத்தில் கையாலேயே பேசிக்கொண்டு நின்றார்கள். அப்படிச் சத்தமாக அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. நான் பக்கத்தில் நின்று கடைசி பஸ் போய்விடும் என்று அவள் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தேன். ரூட் 2-ஐ ரூட் 8-ஆல் பெருக்கினால் 4. வகுப்பில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். கிரேக்க நூல்கள் அரபிக்குப் போனபோது அலோகோஸ் என்பதை என்ன செய்வது என்று பார்த்தார்கள். விகிதம், பேச்சு என்ற இரண்டில் பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள். விகிதமுள்ள எண்ணைப் பேசக்கூடியது என்றார்கள். விகிதமில்லாததை அசம் என்றார்கள். அசம் என்றால் அரபியில் செவிடு. அதைத்தான் ஜெரார்டு 1150 வாக்கில் லத்தீனில் சுர்துஸ் என்று எழுதினார். 1202-இல் ஃபிபோனாச்சியும் அதையே எடுத்துக்கொண்டார். 1551-இல் ராபர்ட் ரெக்கார்டு தம்முடைய ஆங்கில வடிவியல் புத்தகத்தில் சர்டு என்று போட்டார். சமக்குறியை உலகத்துக்குக் கொடுத்த மனிதரும் இவர்தான், 1557-இல். தொழிலில் வைத்தியர். கடைசியில் நம் பாடநூல் எழுதியவர்கள் செவிட்டைத் தள்ளிவிட்டு விகிதமுறா மூலம் என்று பழைய கிரேக்க அர்த்தத்துக்கே திரும்பிவிட்டார்கள். அதனால்தான் தமிழ்ப் பேர் உனக்கு அன்றைக்கே புரிந்தது.

இந்த இடத்தில் ஒன்று என்னை உட்கார வைத்துவிட்டது, வள்ளி. நாலு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கிரேக்கன் சொன்னது பேச்சில்லாதது என்றுதானே. அரபிக்காரன் ஏன் ஊமை என்று எழுதாமல் செவிடு என்று எழுதினான்? மொழிபெயர்ப்பில் வழுக்கிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தோன்றியது, பேச்சு ஏன் வரவில்லை என்று ஒரு படி பின்னால் போய்ப் பார்த்தால் அங்கே நிற்பது காதுதானே. கேட்டால்தான் பேசும். கேட்காதது எப்படிப் பேசும்?

நானும் முதலில் பேச்சு என்றுதான் நினைத்தேன். பிள்ளைக்கு இரண்டு வயசு முடிந்து இரண்டு மாதம், ஆண் பிள்ளைகள் கொஞ்சம் மெதுவாகத்தான் பேசும், வீட்டில் தமிழ், வெளியில் ஸ்பானிஷ், டிவியில் இங்கிலீஷ், பிள்ளை குழம்பத்தானே செய்யும். அம்மா ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரரையே எடுத்துக்கொண்டுவிட்டாள். அஞ்சு வயசு வரைக்கும் பேசாத பிள்ளை, திருச்செந்தூர் சன்னிதியில் வாய் திறந்து பாடவில்லையா என்கிறாள். அன்றைக்கு உன்னிடம் "இன்னும் அம்மான்னுகூடச் சொல்ல மாட்டேங்கானே" என்று கேட்டவளும் அவள்தான், போனை வைத்ததும் வசம்பை உரசிக்கொண்டு உட்கார்ந்தவளும் அவள்தான். ஆச்சியும் சின்னத்தைக்கு இதே குமரகுருபரர் கதையைத்தான் சொன்னாள். மூன்று கந்தசஷ்டிக்கு அவளைத் திருச்செந்தூர் கூட்டிக்கொண்டு போனார்கள். நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், சுவைன்சன் அம்மையார் தொடங்கியது, அப்போதே பல பத்து வருஷமாக நடந்துகொண்டிருந்தது. அங்கே கொண்டு விடுங்கள் என்று ஒருவர் வீட்டுப்படி ஏறி வந்து சொன்னார். தாத்தா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். ஊருக்குத் தெரிந்துவிடுமாம். ஊருக்குத் தெரியாமலா இருந்தது.

நான் அப்போது பிளஸ் டூவுக்குப் பதில் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு விவரம் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

வள்ளி, இதுவரை எழுதியதை எல்லாம் நான் எதற்காக எழுதினேன் என்று உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். நீ கெட்டிக்காரி. இனிமேல் சுற்றி வளைத்துப் பயனில்லை.

2023 ஜனவரியில், பிள்ளை பிறந்த ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்களே. மஞ்சள் அதிகம் என்று நீல விளக்குக்குக் கீழே வைத்திருந்து, குறைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிய அன்றைக்கு. நீ தூங்கிக்கொண்டிருந்தாய். மாப்பிள்ளை பில் கட்டக் கீழே போயிருந்தார். நர்ஸ் ஒரு தாளை என் கையில் கொடுத்தார். "தாத்தா, மஞ்சள் கூடுதலா இருந்த பிள்ளைக்குக் காதை ஒரு தடவை பார்த்துரணும். ஒரு மாசத்துக்குள்ள கூட்டிட்டு வந்துருங்க. அம்மாகிட்ட சொல்லிருங்க." நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னார். அவர்கள் பேரில் ஒரு குறையும் இல்லை.

நான் உன்னிடம் சொல்லவில்லை.

எமகண்டத்துக்கு முன்னால் கிளம்பவேண்டும் என்று அம்மா அவசரப்படுத்தினாள், அதில் மறந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். மறக்கவில்லை. தாளில் காது என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்குச் சின்னத்தை முகம் வந்தது. நம் குடும்பத்தில் அது இருக்கிறது என்று ஒரு டாக்டர் வாயால் சொல்லிவிடுவாரோ, மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ, கல்யாணத்தின்போது அத்தையைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று உன்னைக் கேட்பார்களோ. ஒரு நிமிஷத்துக்குள் இவ்வளவும் ஓடியது. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். வீட்டுக்கு வந்து பழைய லாகரிதம் அட்டவணைப் புத்தகத்துக்குள் வைத்தேன். அதை யாரும் தொடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

மூன்று மாதத்தில் நீ கிளம்பிவிட்டாய். அங்கே பிறக்கிற பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரியிலேயே காதைப் பார்த்துவிடுவார்களாம், அந்த தேசத்தில் எல்லாம் ஒழுங்கு, இவனுக்கும் எப்படியும் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இவன் அங்கே பிறக்கவில்லை என்பது எனக்குத் தெரியாதா. போன தீபாவளிக்கு வீடியோ காலில் உன் பின்னால் குக்கர் விசில் அடித்தபோது அவன் திரும்பவில்லை. அன்றைக்கு நான் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். தாத்தாவைக் குறை சொல்லிக்கொண்டே வயசானவன், அவர் கொடுத்த காபியையே நானும் கொடுத்திருக்கிறேன்.

இங்கே பெயர் சொல்லாமல் ஒரு காது டாக்டரைப் போய்ப் பார்த்தேன். சிநேகிதருடைய பேரன் என்று சொன்னேன். அந்தப் பொய்யும் சேர்த்துக்கொள். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் பிள்ளைகள் இப்படி இருக்கும், அது சரியாகிவிடக்கூடியது. எதுவானாலும் பெரா என்று ஒரு சோதனை இருக்கிறது. பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்னச் சின்னதாக ஒட்டி, காதில் சத்தம் கொடுத்து, மூளைக்குப் போகிற நரம்பில் அது பதிகிறதா என்று கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். வலி கிடையாது. பிள்ளை பதில் சொல்லவேண்டியதும் கிடையாது. குறை இருக்கிறது என்று தெரிந்தால் கருவி உண்டு. கருவி போதாது என்றால் காக்ளியர் அறுவை சிகிச்சை உண்டு. இங்கே நம் அரசாங்கக் காப்பீட்டிலேயே ஆறு வயசுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்குச் செய்கிறார்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, மூளை பேச்சைப் பழகுகிற வயசு இது, ஒவ்வொரு மாதமும் கணக்கு என்றார். மாதக்கணக்கை என்னிடம் சொல்கிறார்.

அங்கே டாக்டர் சோர்தோ என்று ஏதாவது சொன்னால் பயந்துவிடாதே. வெறும் சொல்தான் அது.

அத்தை விஷயத்தை அவர்களிடம் மறைக்காதே. குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கட்டாயம் கேட்பார்கள். உண்டு என்று சொல். எந்த வயசிலிருந்து என்று கேட்டால் பிறவியிலிருந்து என்று சொல். ஆச்சி சொல்லுவாளே, மூணு வயசில் ஜுரம் வந்து போனது என்று, அது பெண் பார்க்க வந்தவர்களுக்காகச் சொன்னது. மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன். நீ எதையும் சொல்லவேண்டாம். கோபம் வந்தால் என் மேல் வரட்டும், அது நியாயமும்கூட.

அம்மாவுக்கு இந்தத் தாள் விஷயம் இன்னும் தெரியாது. கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து சொல்லப்போகிறேன். முன்னாலேயே சொன்னால் அழுது என்னைப் போடவிடமாட்டாள்.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். மடிப்பில் எழுத்து கொஞ்சம் அழிந்திருக்கிறது. பிறந்த எடை, மஞ்சள் எந்த நாளில் எவ்வளவு இருந்தது, எத்தனை மணி நேரம் விளக்கில் வைத்தார்கள் எல்லாம் அதில் இருக்கிறது. டாக்டரிடம் காட்டு. அவர்களுக்கு இங்கிலீஷ் புரியாவிட்டால் நீ எழுதிக்கொடு. உன் ஸ்பானிஷ் நன்றாக இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார்.

ரூபாய் வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேள். பி.எஃப். பணம் பாங்கில் சும்மாதான் கிடக்கிறது.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: இங்கே ராத்திரி எட்டு மணி என்றால் உனக்குச் சாயங்காலம் மூன்றரை. இந்த மாதம் 30-ஆம் தேதி அங்கே கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள், அப்புறம் நாலரை. போன் என் பக்கத்திலேயே இருக்கும். காதுக்கு எண்ணெய் மட்டும் விடாதே.